நடைக்கு ரங்கநாயகி காட்டிய கை

முனிச்சாலைப் பக்கம் ஒரு குட்டியானை ஓடுகிறது. எல்லோரும் அப்படிச் சொல்கிற சின்ன லோடு வண்டிதான். பின்கதவில் 'வாடகைக்கு' என்று எழுதி, அதற்குக் கீழே ஒரு போன் நம்பர். வண்டி ராதாகிருஷ்ணனுடையது. நம்பர் அவன் மனைவி ரங்கநாயகியுடையது.

அவனுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் இல்லை. ஆகவே மேலூரிலோ கொட்டாம்பட்டியிலோ எவனுக்கு வண்டி வேண்டுமானாலும் முதலில் ரங்கநாயகியிடம்தான் பேசியாக வேண்டும். வண்டி எப்போது வரும், எந்தச் சந்தில் நிற்கும், மழை பெய்தால் தார்ப்பாய் உண்டா எல்லாம் அவள் வாயிலிருந்துதான் வர வேண்டும். அவளுக்கு இது பிடித்திருந்தது. எவ்வளவு பிடித்திருந்தது என்பது அவளுக்கே வெகுகாலம் தெரியாமல் இருந்தது.

கொட்டாம்பட்டி காய்கறிக் கமிஷன் கடை சிவனாண்டி தினமும் கூப்பிடுவார்.

"ஏந் தங்கச்சி, ஊமையன ஒரு நடை வரச் சொல்லு."

"அவருக்குப் பேரு இருக்குண்ணே."

"பேரச் சொன்னா மட்டும் அவனுக்குக் கேக்கவா போகுது?"

"எனக்குக் கேக்குதுல்ல."

"சரிம்மா, ராதாகிருஷ்ணன ஒரு நடை வரச் சொல்லு. தக்காளி வெயில்ல கெடக்கு."

வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம், தெருவில் தமிழ். அவனுக்கு இரண்டுமே வாயசைவுதான். பெண் பார்க்க வந்தபோது, "பையன் குடிக்க மாட்டான், எதுத்துப் பேச மாட்டான்" என்று ஒரு பெரியப்பா சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கூடத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். கல்யாணம் ஆன பிறகுதான் அவன் எப்படி எதிர்த்துப் பேசுவான் என்று அவளுக்குத் தெரிந்தது. இரண்டு கைகளாலும், புருவத்தாலும், சில சமயம் குதிகாலால் தரையை உதைத்தும் பேசுவான்.

கல்யாணமான புதிதில் அவளுக்குச் சைகை எதுவும் வராது. ஒரு நாள் விடிகிற நேரம் போன் அடித்தது. மேலூரிலிருந்து நெல் மூட்டை ஏற்றவேண்டும். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். தோளைத் தொட்டு உலுக்கினால் பதறி எழுந்து உட்காருவான் என்பதை அதற்குள் தெரிந்துகொண்டிருந்தாள். அதனால் உலுக்கவில்லை. பாய்க்கு வெளியே நீட்டிக் கிடந்த அவன் முன்கையில் ஒரு விரலை வைத்து, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஒரு கோடு இழுத்தாள். அதே கோட்டில் விரலைத் திரும்ப மணிக்கட்டுக்குக் கொண்டுவந்தாள். போய், வருவது. அவன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். அவள் மறுபடி ஒரு கோடு இழுத்து விரலைத் திரும்பக் கொண்டுவந்தாள். இரண்டு நடை. அவன் எழுந்து சாவியை எடுத்தான்.

அவர்களுக்குள் உண்டான முதல் வார்த்தை அது. அப்புறம் எத்தனையோ வந்தன. மாமியாருக்குக் கோபம் என்றால் கொதிக்கிற பானையின் மூடிபோல உள்ளங்கை துள்ளும். கரண்ட் போனால் ஒரு கை, பூண்டு தீர்ந்தால் ஒரு கை. இவை எதுவும் அவன் படித்த பள்ளிக்கூடத்துச் சைகை இல்லை. வீட்டில் முளைத்தவை. அவன் விழித்திருக்கும்போதும் நடைக்கு மட்டும் அவள் அவன் கையைத்தான் தேடினாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அவனே இடதுகையை நீட்டுவான்.

கோரிப்பாளையத்தில் ஒரு டியூப்லைட் கடைக்கு மேல் மாடியில் அவர்கள் சங்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காது கேளாதவர்கள் கூடுவார்கள். கீழே ஜங்ஷனில் ஹார்ன் சத்தம் காதைக் கிழிக்கும். மாடியில் அது ஒருத்தருக்கும் பொருட்டில்லை. காது கேட்கிற ஆள் ரங்கநாயகி மட்டும்தான். ஒருத்தருக்கு பேங்க்கில் பேசவேண்டும், ஒருத்தருக்குப் பிள்ளையின் டீச்சரிடம் பேசவேண்டும், ஒருத்தருக்கு ஆஸ்பத்திரியில் டோக்கன் வேண்டும். எல்லோரும் அவள் முன்னால் போனை நீட்டுவார்கள். எல்லோருக்கும் அவள் அண்ணி.

போன வருஷம் அங்கே பவதாரிணி வந்தாள். மேலூர்ப் பெண். அப்பா அம்மா இரண்டு பேருக்குமே காது கேட்காது, அவளுக்குக் கேட்கும். பேசத் தொடங்குமுன்னே கையால் பேசியவள். படிப்பும் அதையே படித்து மொழிபெயர்ப்பாளராக இருந்தாள். அவள் கை வேகத்துக்கு முன்னால் ரங்கநாயகியின் கை மாவு பிசைவதுபோல இருந்தது. இரண்டு மூன்று வாரத்தில் போன்கள் எல்லாம் அந்தப் பக்கம் நீண்டன. ரங்கநாயகி டீ டம்ளர் அடுக்கினாள்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். ராதாகிருஷ்ணன் சிரித்தான். அதுதான் தாங்கவில்லை.

வீட்டில் அவன் புன்னகைப்பதோடு சரி. சத்தம் வந்தால் நன்றாக இருக்காது என்று சின்ன வயதில் யாரோ அவனுக்கு உணர்த்தியிருக்கிறார்கள். பவதாரிணியின் முன்னால் அவன் வாய்விட்டுச் சிரித்தான். தொண்டையின் அடியிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம். இத்தனை வருஷத்தில் அந்தச் சத்தத்தை ரங்கநாயகி எண்ணிச் சில தடவைதான் கேட்டிருந்தாள். அந்தப் பெண் அவனை இடைமறித்தாள், நீ சொல்வது தப்பு என்று சண்டை போட்டாள், அவன் கையை அவன்போலவே செய்து நக்கல் பண்ணினாள். அவனும் விடாமல் வம்பிழுத்தான். தன்னோடு அவன் இப்படிச் சண்டைபோட்டது இல்லையே என்று ரங்கநாயகிக்குத் தோன்றியது. போட்டிருந்தாலும் தன் கைக்கு ஈடுகொடுக்கத் தெரியாது என்பதும் உடனே தோன்றியது.

வீட்டுக்கு வந்த பிறகும் அவன் கையில் சங்கக் கூடத்தின் வாசனை இருந்தது. ஒரு நாள் அவள் 'நாளைக்கு' என்று சொன்னபோது நிறுத்தி, அது அப்படி இல்லை, இப்படி என்று விரலைத் திருத்தினான். அந்த 'நாளைக்கு' அவன் சொல்லிக்கொடுத்ததுதான். அவன் சொல்லிக்கொடுத்ததை அவனே திருத்தினான்.

காது கேட்காத புருஷனிடம் ஒரு வசதி உண்டு. அவன் முதுகைத் திருப்பியிருக்கும்போது எதையும் சத்தமாகச் சொல்லலாம்.

"அவ வந்தாத்தான் சிரிப்பு வருமோ? இங்க வந்தா வாயில பூட்டுப் போட்டுருவீகளோ?"

அவன் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ரேகை தேயுற வரைக்கும் போன் எடுத்தவ நானு. இப்ப விரலு சரியில்லையாம்."

அவன் திரும்பினான். அவள் வாயை மூடிக்கொண்டாள். என்ன என்று புருவத்தால் கேட்டான். ஒன்றுமில்லை என்று காட்டினாள். சொல்லிவிட்டால் மனது ஆறும் என்பார்கள். கேட்க ஆள் இல்லாமல் சொன்னால் ஆறவில்லை, இன்னும் கொஞ்சம் ஊறியது.

ஒரு புதன்கிழமை மத்தியானம் பவதாரிணி வீட்டுக்கே வந்தாள். தோளில் பை, கையில் போனை நிறுத்துகிற ஸ்டாண்டு. ரங்கநாயகி வாசலை அடுத்த நடையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் இல்லையாக்கா?"

"கொட்டாம்பட்டில நிக்கிறாரு. தக்காளி லோடு, ஏத்த நேரமாகுதாம்."

"இன்னைக்கு வரச் சொல்லியிருந்தாரே."

வரச் சொல்லியிருந்தாராம். ரங்கநாயகி ஒரு பல்லை நகத்தால் கீறித் தோலை இழுத்தாள். "உக்காரு" என்றாள்.

பவதாரிணி தரையிலேயே உட்கார்ந்து போனைத் திறந்தாள். அவளுக்கு மூச்சுவிட நேரமில்லை, சொல்ல அவ்வளவு இருந்தது.

"ஒரு அகராதி பண்ணுறோம்க்கா. வீடியோவுல. ஒரு வார்த்தைக்கு ஒவ்வொரு தொழில்லயும் என்ன கை காட்டுறாங்கன்னு சேக்குறோம். இப்ப 'நடை'ங்கிறத எடுத்துக்கங்க. பேசுறவங்களுக்கு ஒரே சத்தம். கையில பேசுறவங்களுக்கு அப்படி இல்ல. இத பாருங்க."

போனில் ஒரு பூக்காரம்மா. இரண்டு உள்ளங்கைகளையும் முகத்துக்கு நேரே நிறுத்தி, கதவுபோல மெல்லச் சேர்த்தாள்.

"கோயில் நடை சாத்தியாச்சு. அவங்களுக்கு நடைன்னா கதவு. நடக்குறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அடுத்தது ஆஸ்பத்திரி. கால் ஒடிஞ்சவங்களுக்குப் பயிற்சி குடுக்குற எடம்."

ஒரு பையன். உள்ளங்கைமேல் இரண்டு விரல்கள் நடந்தன, ஒன்று நேராக, ஒன்று இழுத்துக்கொண்டு.

"அங்க நடைன்னாலே கோணல்தான். நேரா நடக்குறவன் நடையப் பத்தி அங்க யாரு பேசப் போறா? இந்தப் பொண்ணு பரதநாட்டியம் கத்துக்குது. காது கேக்காது, தரையில வர்ற அதிர்வுலதான் ஆடும். அதுக்கு நடைன்னா ஒரு தட்டுக்குள்ள எத்தனை அடங்குதுங்கிறது. நாலா, மூணா, அஞ்சா. பாருங்க, நெஞ்சுல தட்டிக் காட்டுது. இது நம்ம அழகுராஜா அண்ணன்."

சங்கத்துச் செயலாளர் அழகுராஜாவை ரங்கநாயகிக்கு நன்றாகத் தெரியும். மேலூர்ச் சந்தையில் மாட்டுத் தரகு. போனில் அவர் முன்கையை நீட்டி, பாம்புபோல லேசாக நெளியவிட்டார்.

"மாட்ட நடக்கவிட்டு முதுகத்தான் பாப்பாராம். கால பாக்குறவன் ஏமாந்துருவானாம். அவருக்கு நடைன்னா முதுகு." பவதாரிணி சிரித்தாள். "புத்தகத்துல 'நடை நல்லாருக்கு'ன்னு சொல்றாங்கல்ல, அதுக்கு மட்டும் இன்னும் ஒருத்தர்கிட்டயும் கை சிக்கல. நீங்க உக்காந்திருக்கிறதும் நடைதான். இதுக்கு உங்க வீட்டுல என்ன?"

ரங்கநாயகிக்குப் பார்க்கப் பார்க்கப் பிடித்திருந்தது. அந்தக் கதவும், நெளிகிற முதுகும். பிடித்திருந்ததே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. இவள் கொண்டுவராமல் வேறு யாராவது இதைக் கொண்டுவந்திருக்கலாம்.

"லோடு வண்டி நடைக்குத்தான் வந்தேன். அண்ணன் சொன்னாரு, எங்க வீட்டுல அதுக்குன்னு தனியா ஒரு கை இருக்கு, வேற எங்கயும் கெடைக்காதுன்னு. எங்க, காட்டுங்கன்னேன். ம்ஹும். வீட்டுக்கு வா, கேமராவ வச்சுட்டுக் காட்டுறேன்னாரு. பெரிய இவரு மாதிரி."

பூண்டின் காரம் நகக்கண்ணில் ஏறியது. அப்படியானால் அவன்தான் கூப்பிட்டிருக்கிறான். தன் முன்கையில் பெண்டாட்டி விடிகாலையில் இழுத்த கோட்டை இவளிடம் கொடுக்கிறதற்கு நாள் குறித்திருக்கிறான். ரங்கநாயகி அந்தப் பெண்ணின் கையைப் பார்த்தாள். மெலிந்த, மாநிறமான முன்கை. வளையல் இல்லை, கருப்பு வாட்ச் மட்டும். அந்தக் கையில் அந்தக் கோடு எவ்வளவு அழகாக ஓடும் என்று தெரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் எதிரே நின்று இவள் அதைச் செய்வாள். வேகமாக, சுத்தமாக. அவன் சிரிப்பான்.

"அவரு வர ராத்திரியாகும்" என்றாள்.

"அப்ப நீங்களே காட்டிருங்களேன்க்கா. ரெண்டு பேரும் ஒரே கைதான?"

"காட்டுறேன்."

பவதாரிணி ஸ்டாண்டை நிறுத்தினாள், வெளிச்சம் பார்த்தாள். ரங்கநாயகி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். என்ன செய்வது என்று அதுவரை யோசித்திருக்கவில்லை. வலதுகை தானாக முஷ்டியாகி இடது தோளில் இரண்டு முறை தட்டியது.

"இதுவா?"

"இதுதான்."

"எம்மாடி. சுமை தூக்குற தோள்லருந்து வந்திருக்கு!" பவதாரிணியின் முகம் மலர்ந்தது. "மூட்டையில இருந்து நடை. எம்புட்டுப் பொருத்தம் பாருங்க. இன்னொரு தடவை செய்ங்கக்கா."

ரங்கநாயகி இன்னொரு தடவை செய்தாள். பொய்க்கு ஒரு காரணத்தைப் படித்த பெண்ணே கண்டுபிடித்துத் தந்துவிட்டதில் அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. போகும்போது அவளுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்தாள்.

ராதாகிருஷ்ணனிடம் சொல்லவில்லை. அந்தப் பெண் வந்தாள், நீ இல்லை, போய்விட்டாள் என்றாள். அவன் முகம் வாடியது. அந்த வாட்டத்தை அவள் தன் சந்தேகத்துக்குச் சாட்சியாக எண்ணிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் சுவரில் வெள்ளை வேட்டி கட்டி வீடியோ போட்டார்கள். கூடம் நிறைய ஆள். மேலூரிலிருந்தும் கல்குவாரி ஆட்கள் வந்திருந்தார்கள். பூக்காரம்மாவின் கதவு சாத்தியபோது எல்லோரும் இரண்டு கைகளையும் உயரத் தூக்கி ஆட்டினார்கள். அவர்களுக்குக் கைதட்டல் அதுதான். நொண்டுகிற விரல்களுக்குச் சிரித்தார்கள். அழகுராஜாவின் மாட்டு முதுகுக்கு எழுந்து நின்றே ஆட்டினார்கள்.

அடுத்தது ரங்கநாயகி. வேட்டியில் அவள் ஆள் உயரத்துக்கு இருந்தாள். பின்னால் பூண்டுத் தோல்கூடத் தெரிந்தது. முஷ்டி தோளில் தட்டியது. ஒரு தடவை. இன்னொரு தடவை.

ராதாகிருஷ்ணன் முன்வரிசையில் இருந்தான். அவளுக்கு அவன் பிடரி மட்டும் தெரிந்தது. அவன் பவதாரிணி பக்கம் திரும்பவில்லை. மெதுவாகக் கழுத்தைத் திருப்பி, டீ டம்ளர்களுக்குப் பக்கத்தில் நின்ற ரங்கநாயகியைப் பார்த்தான். கோபம் இருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும். அந்த முகத்தை அவளால் படிக்க முடியவில்லை.

அழகுராஜா அவன் தோளைத் தொட்டுக் கேட்டார். உன் வீட்டுக் கை வேற எங்கயும் கெடைக்காதுன்னு சொன்னியே, இதானா? சரிதானா?

கூடம் முழுக்க அவனைப் பார்த்தது. பேச்சு இல்லாத கூடத்தில் எல்லோரும் ஒரே ஆளைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்பது அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். ரங்கநாயகியின் கை தன் இடது முன்கையைப் பிடித்துக்கொண்டது.

ராதாகிருஷ்ணன் எழுந்தான். வலதுகையை முஷ்டியாக்கி இடது தோளில் இரண்டு முறை தட்டினான். சரி என்று தலையசைத்தான்.

கைகள் மேலே எழுந்து ஆடின. பவதாரிணி முன்னால் வந்து, எல்லோரும் சேர்ந்து செய்யலாம் என்றாள். குவாரி ஆட்கள், பூக்காரம்மா, நாட்டியப் பெண், எல்லோரும் தோளில் தட்டினார்கள். ரங்கநாயகியையும் கையைப் பிடித்து முன்னால் இழுத்துவந்து நிறுத்தினார்கள். அவளும் தட்டினாள்.

வீட்டுக்கு வருகிறவரை அவன் கை ஸ்டியரிங்கில் இருந்தது. பேச வழியில்லை. வாசலில் வண்டியை நிறுத்தியதும் இறங்காமல் உட்கார்ந்திருந்தான். அவள்தான் முதலில் கையைத் தூக்கினாள்.

ஏன் சொல்லவில்லை? பொய் என்று சொல்லியிருக்கலாமே.

அத்தனை பேர். நீ என் பெண்டாட்டி, என்றான்.

அவளிடம் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

எதை?

அவள் அவன் முன்கையில் கோட்டை இழுத்துக் காட்டினாள். அவன் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக, அவளுக்குப் புரியவேண்டும் என்பதற்காக ஒவ்வொரு கையாக நிறுத்தி நிறுத்திச் சொன்னான். அங்கே ஒவ்வொருத்தனும் தன் தொழிலில் கிடைத்ததைக் கொடுத்தான். என்னிடம் இருந்தது இது ஒன்று. இது என் பெண்டாட்டி உண்டாக்கியது என்று அந்தக் கூடத்தில் நான் சொல்ல இருந்தேன். உன்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு காட்டத்தான் அவளை வீட்டுக்கு வரச் சொன்னேன்.

ரங்கநாயகி அவன் கையைப் பார்த்தாள். அதில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவ சிரிக்க வச்சா சிரிக்கிறீக, என்று சொல்ல நினைத்தாள். அதற்குத் தன்னிடம் கை இருக்கிறதா என்று தேடினாள். இருந்தது. ஆனால் சொல்லவில்லை. அவன் சாவியை உருவிக்கொண்டு இறங்கினான்.

அதற்குப் பிறகும் எல்லாம் வழக்கம்போலத்தான் நடந்தது. சிவனாண்டி கூப்பிட்டார், தக்காளி வெயிலில் கிடந்தது. சங்கத்தில் லோடு ஆட்கள் நடக்கும்போதும் நிற்கும்போதும் தோளில் தட்டிக்கொண்டார்கள். பவதாரிணி அதை மற்றவர்களைவிட அழகாகச் செய்தாள். முஷ்டியை முழுசாக மூடாமல், மூட்டையின் விளிம்பைப் பிடித்ததுபோல. பொய்யையும் அவள் தன்னைவிட நன்றாகச் செய்கிறாள் என்பது ரங்கநாயகிக்கு இரண்டு நாள் சோறு இறங்கவிடவில்லை.

மாமியாரின் கொதிக்கிற பானை இருந்தது. பூண்டுக்கும் கரண்டுக்கும் கை இருந்தது. ராதாகிருஷ்ணன் எல்லாம் பேசினான், முன்னைப்போலவே. நடைக்கு மட்டும் அவளைப் போனில் எழுதச் சொல்லி, வாங்கிப் படித்துக்கொண்டான்.

அடுத்த வாரம் மேலூர் நாற்கரச் சாலையில் அவளும் வண்டியில் போனாள். ஒன்றுவிட்ட நாத்தனார் வீட்டில் காதுகுத்து. பகல் வெயில். ஒத்தக்கடை தாண்டும்போது சிவனாண்டி கூப்பிட்டார்.

"தங்கச்சி, அங்கிட்டுத்தான வாரீக? அப்படியே ரெண்டு நடை அடிச்சிட்டுப் போகச் சொல்லும்மா. வெண்டைக்கா வாடுது."

"சொல்றேண்ணே."

அவன் வலதுகை ஸ்டியரிங்கில் இருந்தது. இடதுகை கியர்மேல், முன்கை அவள் பக்கமாகத் திரும்பியிருந்தது. அவள் யோசிக்கவில்லை. விரலை மணிக்கட்டில் வைத்தாள்.

அவன் கையை எடுத்துக்கொண்டான்.

வண்டியை ஓரம் கட்டினான். இன்ஜினை அணைத்தான். அவள் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்து காத்திருந்தான். முகத்தில் கடுமை ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு நல்ல பையனின் முகம். லாரிகள் பக்கத்தில் உரசிக்கொண்டு போயின. அவளுக்கு மட்டும் கேட்டது.

ரங்கநாயகி வலதுகையை முஷ்டியாக்கி இடது தோளில் இரண்டு முறை தட்டினாள்.

அவன் தலையசைத்தான். எத்தனை என்று கேட்டான்.

கோட்டில் அதைக் கேட்கவேண்டி வந்ததே இல்லை. அவள் இரண்டு விரல்களைத் தூக்கிக் காட்டினாள்.